பெல்காசெம் சித்தப்பாவின் கடலடி வீடுகள்

பெல்காசெம் சித்தப்பாவிடம் படகு கிடையாது. கெர்கெனாவில் அது ஒரு குறையும் இல்லை. எங்கள் தீவைச் சுற்றிக் கடல் அவ்வளவு ஆழமற்றது. வற்றும் நேரத்தில் அரை மைல் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தொடாது. முப்பது வருடம் எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்குப் போகும் கப்பலுக்குக் கயிறு கட்டிய கைகளோடு ஓய்வு பெற்றவர், இப்போது கம்பளித் தொப்பியும் கிழிந்த கோட்டுமாகக் கடலுக்குள் நடக்கிறார். ஆக்டோபஸ் பிடிக்கிறார். குளிர்காலத்தில் அவர் வீட்டில் சமைப்பதும், கொடியில் காயவைத்து விற்பதும் அதுதான்.

ஆக்டோபஸுக்குத் தேவை ஒரு பொந்து. அதனால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் கடலடியில் வீடு கட்டி வைத்திருக்கிறார்கள்: உடைந்த ஜாடி, சிமெண்ட் குழாய், பழைய தேநீர்ப் பாத்திரம். யார் வீட்டை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் யாருடையது எங்கே இருக்கிறது என்பது கணவன் மனைவிக்குள்கூடப் பேசாத ரகசியம். தன் இடத்துக்குப் போக சித்தப்பா முதலில் எதிர்த்திசையில் கால் மணி நேரம் நடப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஊரில் பிறந்தவள். ஆனால் நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கடல் சூழலியல் படித்துவிட்டு வந்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. ஒரு தொண்டு அமைப்பு கடலைச் சுத்தப்படுத்த என்னைப் பொறுப்பாக்கியது. நாற்பது மாணவர்கள் ஸ்ஃபாக்ஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆக்டோபஸ் பருவம் தொடங்க ஒரு வாரம் இருந்தது.

காலையிலிருந்து மாணவர்கள் வாரி வாரிக் கரையில் போட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் அவ்வளவு முட்டாள் இல்லை, கேட்டேன். ஒரு பெரிய ஜாடியைத் தூக்கிக் காட்டி, "சித்தப்பா, இது யாரோடதாவது இருக்குமா?" என்றேன்.

பெல்காசெம் சித்தப்பாவின் பக்கத்தில் அவர் மச்சான் ஷாத்லி நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா ஜாடியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும் மகளே. குப்பைதான்."

"உங்களுக்கு, ஷாத்லி மாமா?"

"எனக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார், ஐம்பது வருடமாக மீன் தின்று வளர்ந்தவர்.

கடைசியாக நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கழிப்பறைத் தொட்டியைத் தூக்கி வந்தார்கள். கரையில் பெரிய சிரிப்பு. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சித்தப்பா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பில் வந்த தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி சித்தப்பா.

"மகளே, இன்னிக்கு எடுத்தீங்களே, அதுல முப்பத்தொண்ணு என்னோடது."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அந்த ஷாத்லி பக்கத்துல நிக்கிறான்! ஆமா என்னோடதுன்னா, எங்கேருந்து எடுத்தாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தானே, அப்புறம் என் இடம் அவனுக்குத் தெரிஞ்சிடாதா? குளிர்காலம் முழுக்க நான் என்னத்தப் பிடிக்கிறது? நண்டையா?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் அடுத்தவர். பிறகு அடுத்தவர். அன்றும் மறுநாளும் இருபத்தாறு பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொருவரும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு தங்கள் இடங்களைச் சொன்னார்கள். நான்கு வருடப் படிப்பில் கிடைக்காத கடலடி வரைபடம் இரண்டு நாளில் கைக்கு வந்தது. யாருக்கும் காட்ட முடியாத வரைபடம்.

வேறு வழியில்லை. மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். பிளாஸ்டிக் டப்பாக்களை மட்டும் மறுத்தேன். அவற்றுக்குப் பதில் மண் ஜாடி தருகிறேன் என்றேன். சித்தப்பா ஒரு நீல எண்ணெய் டப்பாவுக்காகச் சண்டை போட்டார்.

"இதுல இருக்கிறவ எட்டு வருஷமா இங்கதான் குடியிருக்கா!"

"ஆக்டோபஸ் ரெண்டு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்காது சித்தப்பா."

"புஸ்தகத்துல இருக்கிறதுக்கு ரெண்டு வருஷம். இவ கெர்கெனாக்காரி."

பீங்கான் தொட்டிதான் அவருடைய செல்லம். கப்பலைப் பழுது பார்த்தபோது தூக்கி எறிந்ததை, பன்னிரண்டு வருடத்துக்கு முன் தோளில் சுமந்து போய் வைத்தாராம். மற்ற முப்பதிலும் கிடைப்பதில் பாதி அந்த ஒன்றில் கிடைக்குமாம். அதன் அடையாளம், கடலிலிருந்து பார்த்தால் பள்ளிவாசல் கோபுரம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியை மறைக்கும் இடம். விடியலில் ஆள் வருமுன் கரையிலிருந்து கையசைத்தார். "இன்னும் கொஞ்சம் கிழக்கே! அங்க இல்ல, வாசல் தெற்கப் பார்க்கணும்!" ஒரு மணி நேரமாயிற்று.

அன்று பிற்பகல் ஷாத்லி மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைசியாக ஒன்று இருக்கிறதாம், மற்றதெல்லாம் போனாலும் அது வேண்டுமாம். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சேன். வெள்ளையா இருக்கும். கோபுரம் தண்ணீர்த் தொட்டியை மறைக்கிற இடம்."

எனக்குத் தண்ணீர் திடீரென்று குளிர்ந்தது. "அதுல எப்ப பிடிப்பீங்க மாமா?"

"சாயங்காலம்தான். காலையில அந்தப் பக்கம் எவனாவது வந்து பார்த்துடுவான்."

பெல்காசெம் சித்தப்பா எப்போதும் விடியலில் போகிறவர். எட்டு வருடமாக ஒரே தொட்டியில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். நாங்கள் அங்கே போனபோது தொட்டி ஏற்கெனவே இருந்தது, வாசல் தெற்கே பார்த்து. ஷாத்லி மாமா நெகிழ்ந்துபோனார்.

"நான் சொல்றதுக்கு முன்னாலயே வச்சிட்டியா! படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்!"

என் படிப்பை ஊரில் ஒருவர் பாராட்டியது அதுவே முதல் முறை. இரண்டு பேருக்கும் சத்தியம் செய்திருந்ததால் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அமைப்புக்கு அனுப்பிய அறிக்கையில் எடுத்த குப்பையின் எடையை எழுதினேன்; அதில் முக்கால் பங்கைத் திருப்பி வைத்ததை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் எழுதினேன். இதுவரை பதில் இல்லை.

பருவத்தின் முதல் நாள் விடியலில் கரைக்குப் போனேன். சித்தப்பா தோளில் காலிப் பையோடு கோபுரத்தைக் கண்ணைச் சுருக்கித் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடலுக்குள் நடந்தார். எதிரே, பொறுமையிழந்து காலையிலேயே வந்துவிட்ட ஷாத்லி மாமா. தொட்டிக்கு இருபுறமும் இருவரும் நின்றார்கள்.

"என்ன மச்சான், இந்தப் பக்கம்?" என்றார் சித்தப்பா.

"முட்டி வலி. உப்புத் தண்ணில நிக்கச் சொன்னாரு டாக்டர்."

"எனக்கும் அதே டாக்டர்தான்."

நின்றார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. தொடையிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து விலா. வானிலை பேசினார்கள். ஷாத்லியின் அக்காவும் சித்தப்பாவின் மனைவியுமான ஸக்கியா சித்தி கரையிலிருந்து கத்தினார்: "ரெண்டு பேரும் உப்புக்கண்டம் ஆகப்போறீங்களா?"

சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. "ஐயோ, என் மோதிரம் விழுந்துடுச்சு!" என்று குனிந்தார்.

"இரு, நானும் தேடறேன்!" என்று ஷாத்லியும் குனிந்தார்.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். நடுவில் ஒரு பெரிய ஆக்டோபஸ். நான்கு கைகள் சித்தப்பாவின் முழங்கையில் சுற்றியிருந்தன, நான்கு ஷாத்லியின் கழுத்தில்.

"இதுதான் உன் மோதிரமா?" என்றார் ஷாத்லி, மூச்சு வாங்கியபடி.

"நான் மோதிரமே போடறதில்லடா," என்றார் சித்தப்பா.

ஸக்கியா சித்தி அதை மதியம் கோதுமைக் குருணையோடு சமைத்தார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று நானும் அழைக்கப்பட்டேன்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. சித்தப்பா.

"மகளே, அந்தப் பீங்கானை யாருக்கும் தெரியாம வேற இடத்துக்கு மாத்தணும். நீ எனக்கு சத்தியம் பண்ணிக் குடு."

அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் ஷாத்லி மாமா, சித்தப்பா எப்போது கிளம்புவார் என்று காத்துக்கொண்டு நின்றார்.