கருவாட்டில் சுற்றிய வெள்ளை நூல்

சூன்தோக்குக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அதில் இருபத்து இரண்டு வருடம் கொரியாவின் பூசான் நகரத்து மேட்டுத் தெருக்களில் டவுன் பஸ் ஓட்டிக் கழித்தவள். வாயைத் திறந்தால் ஹாரன் அடித்த மாதிரி இருக்கும் என்பார்கள் டிப்போவில், அதில் பொய்யில்லை. அவள் புருஷன் பில்மான் நேர்மாறு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டு, பென்சில் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடமே மூடப்பட்டபோது கடையையும் சாத்தினார். அதற்கு முந்தைய சில வருடங்கள் கடையில் ஈ ஓட்டியபடி மீன்பிடி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில், என்றைக்காவது ஒரு படகு வாங்கிக் கடலுக்குப் போவதென்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். இத்தனைக்கும் மனைவி ஓட்டுகிற பஸ்ஸில் நான்கு நிறுத்தம் போனாலே அவருக்கு வாந்தி வரும்.

மூன்று வருடம் சூன்தோக் சிரித்தே அதைத் தட்டிக் கழித்தாள். நான்காம் வருடம் ஸ்டீயரிங் அவளுக்கே அலுத்துப் போயிற்று. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் நம்ஹே தீவுக்கு வந்து துறைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். ஒரு வருடம் அடுத்தவர் வலையில் நெத்திலி உதறினார்கள். சிறுபடகு ஓட்டும் உரிமமும் எடுத்தார்கள். பில்மான் மட்டும் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவதில் தேறினார். இனி வேண்டியது படகுதான்.

புதுப் படகு அவர்களுக்கு எட்டாக்கனி. கையில் இருந்தது அவளுடைய ஓய்வுப் பணம், அதுவும் ஒரே ஒரு பழைய படகுக்குத்தான் காணும். அது சொத்தையாகப் போனால் அடுத்தது கிடையாது. திரும்பப் பூசானுக்குப் போய்த் தங்கையின் சூப் கடையில் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். தங்கை இப்போதே போனில் கேட்கிறாள், "எப்பக்கா வர்றே?" என்று. இது தெரிந்துதான் பில்மான் முப்பத்தொரு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் டிக் போட ஒரு கட்டம்.

முதலில் பார்த்தது குக் என்பவருடைய படகை. பதினாறு வயதுப் படகு. பக்கவாட்டில் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் வேறு வேறு நிறத்தில் இருந்தது. இன்ஜின் ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடியிருந்தது. குக்குக்குத் தோள்பட்டை போய்விட்டதால் வலை இழுக்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறார். ஆனால் விற்க வந்தவர் முகத்தில் வாங்க வந்தவர் மேல் ஒரு மரியாதையும் இல்லை.

"பட்டணத்துக்காரங்களா? படகா வேணும்? ஒரு பூனை வாங்கி வளத்துப் பாருங்களேன் முதல்ல."

"பூனைக்கும் மீன் வேணும்ல அண்ணே? அதான் படகுலேந்து ஆரம்பிக்கிறோம்," என்றாள் சூன்தோக்.

குக் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சூன்தோக் மூடியைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கிழட்டுச் சத்தம்தான், ஆனால் நடுவில் எங்கேயும் திக்கவில்லை. தினமும் விடியலில் எழுப்பப்பட்டுப் பழகிய இன்ஜின் அது. பில்மான் மூக்கைப் பொத்திக்கொண்டு சுக்கான் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே ஆணியில் ஒரு முழுக் கருவாடு தொங்கியது. அதைச் சுற்றியிருந்த நூல்கண்டு டீசல் புகையில் கருத்துக் கயிறு மாதிரி ஆகியிருந்தது.

"இது என்னங்க, கரியா?"

"படகு தண்ணியில இறங்குன அன்னைக்கு, காவலுக்குன்னு கும்பிட்டு என் வீட்டுக்காரி கட்டுனது. அப்ப வெள்ளை நூலு." குக் முதல் தடவையாக அவர்களை நேராகப் பார்த்தார். "உங்கள மாதிரி இந்தத் துறைக்கு எட்டுப் பேரு வந்தாங்க. ஒருத்தர் படகுலயும் நூலு பழுப்பாகி நான் பாத்ததில்ல. அதுக்குள்ள 'விற்பனைக்கு'ன்னு பலகை தொங்கிரும்."

சூன்தோக்குக்குச் சுருக்கென்றது. விலையில் ஒரு வோன் கூடக் குறைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார் மனுஷன். பில்மான் நோட்டில் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. "பாத்துட்டுச் சொல்றோம்," என்று கிளம்பினார்கள்.

அடுத்த படகு துறையின் கிழக்கு மூலையில் கரையேற்றி வைக்கப்பட்டிருந்தது. பியோன் என்ற தரகர் விற்பது. அதைக் கண்டதும் பில்மான் நின்றுவிட்டார். ஏழே வயது, வெள்ளை உடம்பில் நீலப் பட்டை, இன்ஜின் ஆயிரத்து நூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, விலையும் குக்கின் விலையேதான்.

"முதலாளிக்குச் சியோல்ல தொழில், அக்கா. பொழுதுபோக்குக்கு வச்சிருந்தாரு. தொட்டதே இல்ல," என்றார் பியோன். வார்த்தைக்கு வார்த்தை அக்கா போட்டார்.

பில்மான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பியோன் எல்லாவற்றுக்கும் தேனொழுகப் பதில் சொன்னார். டிக், டிக், டிக். பில்மான் நாணயத்தால் தட்டிப் பார்த்த இடத்திலெல்லாம் டங் டங்கென்று கெட்டியான சத்தம். அவர் முகத்தைப் பார்க்கச் சூன்தோக்குக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்று கூட அந்த மனுஷன் இப்படிப் பூரித்ததில்லை. இதையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சுக்கான் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில், பஸ்ஸில் கண்ணாடி இருக்கும் இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு கருவாடு தொங்கியது. நேற்றுச் சந்தையில் வாங்கியது போல அத்தனை புதிது. நூல் பால் வெள்ளை. கீழே பலகையில் மெழுகுவத்தி சொட்டிய வட்டம்.

டிப்போவிலும் இதெல்லாம் உண்டு. பன்றித் தலை வைத்துக் கும்பிட்டுப் புதுக் கருவாடு கட்டுவார்கள். ஆனால் அது இரண்டே சமயங்களில்தான். பஸ் புதிதாக வரும்போது ஒன்று. அடிபட்ட பஸ் பட்டறையிலிருந்து திரும்பும்போது இன்னொன்று. அவளுக்கே நடந்திருக்கிறது. மழையில் சறுக்கிய ஒரு ஸ்கூட்டர் அவள் முன்சக்கரத்தடியில் வந்து, ஓட்டியவனுக்குக் கால் முறிந்தது. குற்றம் அவள் மேல் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினோராம் நாள் பஸ் புதுப் பெயின்ட்டோடும் புதுக் கருவாட்டோடும் வந்து நின்றது. தினமும் ஏறுகிறவர்கள் நிமிர்ந்து அந்த வெள்ளை நூலைப் பார்த்துவிட்டு, அப்புறம் அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை அவள் மறக்கவே இல்லை.

ஏழு வயதுப் படகு புதிதில்லை, உடம்பிலும் அடிபட்ட வடு எதுவும் கிடையாது. எழுந்து வெளியே வந்தாள்.

"பியோன் தம்பி, எப்ப முங்குச்சு?"

"என்னக்கா?"

"படகு. எப்ப முங்குச்சுன்னு கேட்டேன்."

பியோன் சிரித்தார், இருமினார், பில்மானைப் பார்த்தார். பில்மான் நோட்டைப் புரட்டினார். இருபத்தாறாம் கேள்வி: 'எப்போதாவது மூழ்கியதா?' பதில் 'இல்லை'. டிக் போட்டிருந்தது.

"போன வருஷப் புயல்லக்கா," என்றார் பியோன் கடைசியில், குரல் இறங்கி. "கட்டுன இடத்துலயே. ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. இன்ஜினப் பிரிச்சுக் கழுவித்தான் வச்சிருக்கோம்…"

உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜினைக் கழுவினால் என்ன, அழகு பார்த்தால் என்ன. சூன்தோக்குக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது.

"ஏன் தம்பி, மனுஷங்ககிட்ட முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சே. அப்புறம் எதுக்குப் புதுசா கும்பிட்டுக் கருவாடு கட்டுனே? அது இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

பியோன் தலையைச் சொறிந்தார். "உங்களுக்குத் தெரியாதுக்கா. கடலுக்குத் தெரியுமே."

திரும்பும் வழியில் மீன் சந்தைக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த படகு வெள்ளையில் நீலப் பட்டை போட்டதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"சாப்பிடுங்க. நீலப் பெயின்ட்டு எல்லாக் கடையிலயும் கெடைக்குது," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் நூடுல்ஸைக் கிளறினார். அப்புறம் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். "எந்திரி. அந்தப் பூனைக்காரன்கிட்டயே போவோம். வித்துத் தொலைச்சிடப் போறான்."

குக் பணத்தைப் பெற்றுக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுக்கான் அறைக்குள் போய்த் தன் கருவாட்டைக் கழற்றினார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "படகு உங்களுது. இது எங்க வீட்டுது," என்றார். கரையேறிய பிறகு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சூன்தோக் சந்தையில் பெரிய கருவாடாகப் பார்த்து வாங்கி நூல் சுற்றினாள். பன்றித் தலைக்குக் கையில் காசில்லை. ஒரு துண்டு இறைச்சி வைத்து, படகின் முன்முனையில் அரிசி மது ஊற்றிக் கும்பிட்டார்கள். கிழட்டுச் சுக்கான் அறையில் அந்த வெள்ளை நூல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இதப் பாக்குறவன் என்ன நெனப்பான்? இந்தப் படகும் முங்கி எந்திரிச்சதுன்னு நெனக்க மாட்டானா?" என்றார் பில்மான்.

"புதுசா ரெண்டு பேரு வந்திருக்காங்கன்னு நெனக்கட்டும்."

கரையில் நின்ற குக் அதைக் கேட்டு, "ஒம்பதாவது ஆளு," என்று யாரிடமோ சொன்னார்.

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டு குளிர்காலம் வயிற்றைக் கட்டி ஓட்டியதும் உண்டு. அப்போது தங்கை போன் செய்தபோது சூன்தோக் எடுக்கவே இல்லை. பில்மானுக்கு இப்போதும் அலை பெரிதானால் வாந்திதான். வாயைத் துடைத்துக்கொண்டு வலை இழுப்பார். படகில் நீலப் பட்டை போட்டாயிற்று, கொஞ்சம் கோணலாக. போன மாதம் சுக்கான் அறையைத் துடைக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நூலெல்லாம் கருத்துப் போச்சு, பாக்கவே அசிங்கமா இருக்கு. புதுசு ஒண்ணு கட்டிடலாமா?"

சூன்தோக் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தொட்டீங்க, கையி இருக்காது! மொதல்ல குக் அண்ணனக் கூட்டிட்டு வாங்க. அவரு ஒரு தடவ பாக்கட்டும்."