மாடிக்குப் போகாத வழக்கு

மாடிக் கோர்ட்டு என்றாலே பைண்டருக்கு ஆகாது. இத்தனைக்கும் இரண்டு கோர்ட்டும் ஒரே கட்டிடம்தான். கேட்கிற சொத்தின் மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால் கீழே விசாரணை, தாண்டினால் மாடியில். புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பிழைக்கிற மனிதர், ஆறு வருஷமாகக் கீழ்க்கோர்ட்டு பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு சொந்த அண்ணன் மீது. அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் தம்பி. நடுவே தெருவுக்குப் போகிற சந்தில் அண்ணன் ஒருநாள் சுவர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பைண்டர் காகிதக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகத்தான் போகிறார், வருகிறார். வந்த கோபத்தில் வழியோடு, பின்னாலிருந்த காலிமனையில் பாதியையும் சேர்த்துக் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு கீழேயே சுருக்க முடியட்டும் என்று வக்கீலம்மா மனைக்குப் பழைய பத்திரத்து விலையையே போட்டிருந்தார். அண்ணன் தரப்பு அப்போதே ஆட்சேபித்தது. அன்றைக்கிருந்த நீதிபதி, அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று எழுதிவிட்டு மாற்றலாகிப் போனார். அந்தக் கடைசி இப்போது வந்துவிட்டது. புது நீதிபதி ஆளனுப்பி மனையை அளந்து விலை போடச் சொன்னார். வரம்பு எங்கேயோ நின்றது, விலை எங்கேயோ நின்றது.

இனி இரண்டே வழி என்றார் வக்கீலம்மா. மனுவைத் திரும்ப வாங்கி மாடியில் போடலாம். இல்லை, மனையை விட்டுவிட்டு வழியை மட்டும் கேட்டால் இங்கேயே நிற்கும்.

"மாடிக்குப் போனா, சொன்ன சாட்சியெல்லாம் என்னம்மா ஆகும்?"

"முதல்லேர்ந்து கூப்பிடணும்ணே. விசாரிக்க அதிகாரமில்லாத கோர்ட்டுல சொன்னத அங்க எடுத்துப்பாங்கன்னு நம்பி இறங்க முடியாது."

வீட்டைக் கட்டிய கொத்தனாரை இனி எங்கே போய்க் கூப்பிடுவது? இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாகத்தான் அப்பா சந்து விடச் சொன்னார் என்று அவர் இந்தக் கூண்டில் ஏறித்தான் சொன்னார். வயசாகிவிட்டதே, ஞாபகம் இருக்குமா என்று எதிர்வக்கீல் மடக்கியபோது, "கண்ணாடிய மறப்பேன், வச்ச செங்கல்ல மறக்கமாட்டேங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. நாலு மாதத்தில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டில் மனைவி அந்த மனையில் மகளுக்கு ஒரு அறை கட்டலாம் என்று நினைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"நடக்குற வழிக்காக மனையவே குடுக்குறதா?"

"இன்னொரு ஆறு வருஷம் என்னால ஆகாதும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

போட்டார். மனை மனுவிலிருந்து போனது, கொத்தனாரின் சாட்சியம் வழக்குக் கட்டில் அப்படியே இருந்தது. வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத அன்னிக்கே விட்டிருந்தா ரெண்டு பேருக்கும் ஆறு வருஷம் மிச்சம்டா."

"விட்டிருந்தா சுவர எடுத்திருப்பியாண்ணே?"

அண்ணன் கோர்ட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே வாதத்துக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதி என்று அறிவித்தார்கள். அண்ணனுக்குக் காது மந்தம். தேதியைப் பைண்டரே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.