பெற்றுக்கொண்டவர்: வெலிகா

காலை ஏழரை மணிக்கு வெலிகா அந்தக் கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறாள். திறக்கவில்லை. இன்னொரு முறை, இப்போது தோளையும் கொடுத்து. அப்போதும் திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஓர் அலமாரி. நாற்காலியில் யாரும் இல்லை. “சரி” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போகிறாள்.

அந்த வெள்ளைக் கன்டெய்னர்தான் விர்போவ் தோல் என்ற ஊரின் மருத்துவமனை. வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. இரண்டு தடவை ரிப்பன் வெட்டித் திறந்துவிட்டார்கள், இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று வெலிகாவுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஊரில் யாருக்குமே தெரியவில்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. குள்ளம், அகலம், நடையில் வேகம். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலையில் இருக்கும், அவள் அதை மேசைக்கடியில் தேடிக்கொண்டிருப்பாள். ஊரில் இருக்கும் ஒரே கடை அவளுடையது. ரொட்டி, பீர், மெழுகுவத்தி, எலிமருந்து, டார்ச்சுக்கு பேட்டரி, எல்லாம் ஒரே அலமாரியில். சுவரில் இரண்டாவது தட்டு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. வெள்ளம் வந்த அன்று சேறு ஏறிய உயரம் அது. இரண்டு வருடமாகியும் அவள் வெள்ளையடிக்கவில்லை. “சுவருக்குள்ள இன்னும் ஈரம் இருக்கு. பூசினா உரிஞ்சிக்கிட்டு வரும்” என்பாள். வீட்டைச் சரிசெய்ய வரவேண்டிய உதவி எந்த மேசையில் தூங்குகிறது என்று கேட்டால் மட்டும், “அது சரி, அப்போ இது என்ன?” என்று ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டுவாள். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு கடிதம் சொல்லும். கிடைக்கவே இல்லை என்று இன்னொன்று சொல்லும். இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து.

“அது சரி, அப்போ இது என்ன?” என்பதுதான் அவள் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை. சொல்லாமல் என்ன செய்வாள்? வெள்ளம் வந்தபோது இருந்த அரசு, சேறு அள்ளும்போது இல்லை. சேறு அள்ளும்போது இருந்த அரசு, பாலத்துக்கு அளவெடுக்கும்போது இல்லை. இந்த நாட்டில் துணி துவைத்துக் காயப்போடுவதற்குள் ஒரு தேர்தல் வந்துவிடுகிறது. வருகிற ஒவ்வொருவரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருகிறார்கள், எதையோ தருவதாகச் சொல்கிறார்கள், போன கையோடு பதவியும் போய்விடுகிறது. அடுத்து வருகிறவரிடம் கேட்டால், “அது போன அரசு சொன்னது” என்கிறார். கடை மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்கும் கோச்சோ, ரயில்வேயில் கைகாட்டி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணுவார்.

“பாலம் தர்றேன்னது நாலாவது ஆளு. மூக்கு நீளமா இருந்தானே.”

“அவரு டாக்டர் தர்றேன்னாரு. பாலம் சொன்னது மழைக்கோட்டுப் போட்ட அம்மா.”

“அந்தம்மா அமைச்சரே இல்ல, வெலிகா. டிவிக்காரி.”

“அது சரி, அப்போ நான் எதுக்கு அவகிட்ட அழுதேன்?”

பாலம் இன்னமும் பலகைப் பாலம்தான். வெள்ளம் வந்த மாதம் பட்டாளத்துக்காரர்கள் வந்து, இரண்டு மாதத்துக்கு என்று சொல்லிப் போட்டது. ஆம்புலன்ஸ் கனம் தாங்காது. அது அக்கரையில் நிற்கும், நோயாளியை நாம்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் வெலிகாவுக்கு ஊர்க்கதை அல்ல. அவள் புருஷன் மின்கோ முப்பத்தொரு வருடம் ஊருக்கும் டவுனுக்கும் பஸ் ஓட்டியவன். சர்க்கரை வியாதி ஆறு வருடத்துக்கு முன்பு அவனது வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் இடது காலில், கட்டைவிரலில், ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு புண் வந்தது. “ஒண்ணு போனதுல நான் பாதி டிரைவர். இதுவும் போச்சுன்னா வெறும் லக்கேஜ்தான்” என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பான். அவன் சிரிக்கும்போது வெலிகா சமையலறைக்குப் போய்விடுவாள்.

முன்பெல்லாம் ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வண்டி ஒன்று வரும். மருத்துவர் இல்லாத ஊர்களுக்கான வண்டி. கனமில்லாத சின்ன வண்டி என்பதால் பலகைப் பாலத்தைத் தாண்டிவிடும். டாக்டர் யோர்தனோவா இறங்கி, முதல் வேலையாக மின்கோவின் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார். புண் ஆறவும் தொடங்கியிருந்தது. அப்புறம்தான் கன்டெய்னர் வந்தது, அக்கரையிலிருந்து கிரேனில் தூக்கி இக்கரையில் இறக்கினார்கள். அதற்குப் பின் வண்டி வரவே இல்லை. இரண்டு வியாழன் பார்த்தாள், மூன்று வியாழன் பார்த்தாள், டவுன் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“உங்க ஊருக்கு வண்டி வராதும்மா. அது டாக்டர் இல்லாத ஊருக்கு மட்டும்.”

“எங்க ஊர்ல டாக்டர் இல்லியே.”

“இருக்காரே. இங்க பதிவு ஆகியிருக்கே.”

“நான் தினமும் கதவைத் திருகிப் பார்க்கிறேன் தாயி.”

“பெற்றுக்கொண்டாச்சுன்னு கையெழுத்து இருக்கும்மா. வெலிகா கிராமதிகோவா. எதா இருந்தாலும் அவங்களைக் கேளுங்க.”

அது அவளுடைய முழுப்பெயர்தான். “அவங்களுக்கும் ஒண்ணும் புரியலையாம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நடந்தது இதுதான். முதல் ரிப்பன் வெட்டிய அன்று ஊர்த்தலைவர் ஸ்லாவி பித்தப்பை ஆபரேஷனுக்காக டவுனில் படுத்திருந்தார். வருகிறவர் யாரானாலும் ரொட்டியும் உப்பும் கொடுத்துத்தான் ஊருக்குள் விடுவது நம் வழக்கம். அந்த ரொட்டியைச் சுட்டவள் வெலிகா. வட்டமாக, மேலே பின்னல் வைத்து, பூத்தையல் துணி விரித்த தட்டில் ஏந்திக்கொண்டு அவள்தான் முன்னால் நின்றாள். பெரிய மனிதர் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டார். கைதட்டினார்கள். யாரோ ஒரு தடித்த ஃபைலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, “இங்க ஒரு கையெழுத்து, அத்தை” என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ஆள் யார் வந்தாலும் வருகைப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுவார்கள் இல்லையா, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ரொட்டியை ஒரு கையில் தாங்கி, மறு கையால் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் மரியாதையாக இருக்குமா? “எல்லாம் ரொம்ப நல்லா இருந்தது. அடிக்கடி வாங்க” என்று முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தாள்.

அது ஒப்படைப்புப் பத்திரம். கட்டிடம், சாமான், மருத்துவர் எல்லாம் குறைவின்றி வந்து சேர்ந்ததாக ஊர் ஒப்புக்கொண்ட பத்திரம். அடிக்கடி வாங்க என்று எழுதினாள் அல்லவா, மூன்று மாதம் கழித்து அடுத்த அரசு வந்து, அதே கதவுக்கு இன்னொரு ரிப்பன் கட்டி வெட்டிவிட்டுப் போனது.

அதோடு நின்றதா? ஊர்க்காரர்கள் எல்லோரையும், இல்லாத அந்த மருத்துவரின் நோயாளிப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். இனி அவர் எழுதித் தந்தால்தான் யாரும் பெரிய டாக்டரைப் பார்க்க முடியும். இந்த மே மாதம் மின்கோவின் கால்விரல் நுனி கறுத்தது. கோச்சோவின் பழைய காரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவசரப் பிரிவில் கட்டுப் போட்டார்கள். “ரத்தக்குழாய் டாக்டர் பார்க்கணும். உங்க டாக்டர்கிட்ட பரிந்துரைக் கடிதம் வாங்கிட்டு வாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க, அப்புறம் காலை எடுக்க வேண்டியதாயிடும்” என்றார்கள். எங்களுக்கு டாக்டரே இல்லையே என்றாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இருக்கிறாரே என்றார்கள். டவுனில் வேறு ஒரு டாக்டரிடம் போய்க் கெஞ்சினாள். இன்னொரு டாக்டரின் பட்டியலில் இருப்பவருக்குத் தான் எழுதித்தர முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அன்று திரும்பி வரும்போது காரில் அவள் வாய் ஓயவில்லை. “நான் ரொட்டிதானே குடுத்தேன். ரொட்டி குடுத்தது தப்பா? எழுதினது தப்பா? எழுதாம இருந்திருந்தா டாக்டர் வந்திருப்பாரா? இல்ல, வண்டியாவது வந்திருக்குமா? எங்க தப்பு விட்டேன்னு சொல்லேன் மின்கோ.” பஸ் டிரைவர் காதுக்கு இதெல்லாம் பழகியிருக்கும் போல. “முன்னாடி குழி இருக்கு, பாத்து ஓட்டு” என்று கோச்சோவிடம் மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரி போய்வந்த ஒன்பதாம் நாள், புதிய துணை அமைச்சர் மருத்துவமனையைத் திறக்க வருகிறார் என்று ஸ்லாவி ஓடிவந்தார். மூன்றாவது திறப்பு. தேர்தலுக்கு இன்னும் இருபது நாள்.

“ரொட்டி சுட்டுடு வெலிகா.”

“சுடறேன். கையெழுத்தும் நான்தான் போடணுமா?”

“பத்திரத்துல பெற்றுக்கொண்டவர் நீதானே. நான் போட்டா செல்லாதாம்.”

“போட்டா?”

“ஊருக்கு டாக்டர் இருக்காருன்னு மறுபடி உறுதியாயிடும்.”

“போடலைன்னா?”

“ஊருக்கு மருத்துவமனை வேணாம்னு எழுதி, கன்டெய்னரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“அப்போ வண்டி வருமா?”

ஸ்லாவி தலையைச் சொறிந்தார். “அதுக்கு வேற அலுவலகத்துல கேக்கணும்.”

அன்று முழுக்க அவள் கடையில் மாற்றி மாற்றிச் சாமான் கொடுத்தாள். பீர் கேட்டவருக்கு மெழுகுவத்தி போனது. கோச்சோ போடு என்றார். கோச்சோவின் மனைவி போடாதே என்றாள். சாயங்காலம் மாவு பிசைய உட்கார்ந்ததும் மின்கோ எட்டிப் பார்த்தான்.

“இந்தத் தடவையும் ரொட்டியா? முதல் தடவை ரொட்டி குடுத்துத்தான் டாக்டரைத் தொலைச்சோம்.”

“வர்றவங்களை வெறும் கையோட நிக்க வைக்கச் சொல்றியா?”

“ஒரு காலோட நிக்க வைக்கலாம். எனக்குத் துணையா இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. மாவை இரண்டு மடங்கு நேரம் பிசைந்தாள்.

மறுநாள் துணை அமைச்சர் பலகைப் பாலத்தை நடந்தே கடந்து வந்தார். அவருடைய காருக்கும் கனம் அதிகம். இளைஞர்தான், வியர்த்திருந்தார், கெட்டவராகத் தெரியவில்லை. ஊரின் பெயரை ஒரு முறை தப்பாகச் சொல்லி, உதவிக்கு வந்த பெண் திருத்தியதும் சரியாகச் சொன்னார். வெலிகா ரொட்டியை நீட்டினாள். அவர் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டார். படம் எடுத்தார்கள். ரிப்பன் விழுந்தது, கதவு திறந்தது. இரண்டு படி ஏற வேண்டிய வாசல் என்பதால் மின்கோவின் நாற்காலி கீழேயே நின்றது. அந்தப் பெண் ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

“இங்க மட்டும், அத்தை.”

வெலிகா பேனாவை வாங்கினாள். ரொட்டித் தட்டை ஸ்லாவியின் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் தேடினாள், தலையில் இருக்கிறது என்று மின்கோ சொன்னான். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

“முழுசும் படிக்க வேண்டாம் அத்தை, அவருக்கு இன்னும் மூணு ஊர் இருக்கு.”

“முதல் தடவை படிக்காமப் போட்டுட்டேம்மா. கொஞ்சம் இருங்க.”

வெயில் ஏறியது. நான்கு பக்கம் சட்டம் பேசியது, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை விடவில்லை. ஐந்தாவது பக்கத்தில் சாமான் பட்டியல் வந்தது. “நோயாளிக் கட்டில், ஒன்று.” படியேறி உள்ளே போனாள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். “இருக்கு” என்று வெளியே குரல் கொடுத்தாள். “மேசை, ஒன்று. இருக்கு. நாற்காலி, ஒன்று. இருக்கு. மருந்து அலமாரி, ஒன்று.” பிளாஸ்டிக் உறையைத் தட்டும் சத்தம் கேட்டது. படம் எடுப்பவர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். துணை அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெலிகா படியிறங்கி வந்தாள். விரல் அடுத்த வரியில் இருந்தது.

“பொது மருத்துவர், ஒருவர்.”

சுற்றிலும் பார்த்தாள். கிண்டல் செய்கிறாளா என்று அவள் முகத்தில் தேடிப் பார்த்தார்கள். அது இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய், நிஜமாகவே தேடுகிற முகம் அது. முதலில் துணை அமைச்சரின் டிரைவர் கையைத் தொட்டாள். “நான் இல்லம்மா” என்று அவர் ஒதுங்கினார். படம் எடுப்பவரைத் தொட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபைல் வைத்திருந்த பெண்ணைத் தொட்டாள். “நான் சட்டம் படிச்சவ, அத்தை” என்றாள் அவள். ஸ்லாவியைத் தொட்டாள். “என்னை ஏன் தொடுற, எனக்குப் பித்தப்பைகூட இல்ல” என்றார் ஸ்லாவி, ரொட்டித் தட்டைப் பிடித்தபடி.

கடைசியாகத் துணை அமைச்சரின் முன் போய் நின்றாள். அவர் உயரம் அதிகம். எக்கி, அவருடைய தோளில் கையை வைத்தாள்.

“நீங்களா?” என்று கேட்டாள். “கால் அங்க இருக்கு. இன்னும் நாலு நாள்தான் இருக்குன்னாங்க.”

அவர் சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆறும் பலகைப் பாலமும்தான் இருந்தன. வெலிகாவும் அவருக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.