ஹேமாவின் கப்பலுக்கு நான் தேடிக் கொடுத்த இன்டர்நெட்

1. லட்டு டப்பா

ஹேமா லட்டு டப்பாவோடு உள்ளே வந்தபோது அவள் வேலையை விடப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் அச்சாகும் மருத்துவப் புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்குமல்லவா, அதைத் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். நாங்கள் இன்டெக்ஸ் என்போம். அச்சுக்குப் போகும் முன் புத்தகத்தின் ப்ரூஃப் கூரியரில் வரும். முழுக்கப் படித்து, கம்ப்யூட்டரில் அடித்து, ஈமெயிலில் அனுப்ப வேண்டும். அங்கே முதலில் சேர்ந்தவள் நான். எனக்கு அப்புறம் சேர்ந்த ஹேமா என்னைவிட வேகம். அது எனக்கும் தெரியும், முதலாளி வரதராஜன் சாருக்கும் தெரியும்.

ஹேமாவின் கணவர் ஒரு சொகுசுக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். மனைவியையும் உடன் அழைத்துப் போக அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆறேழு மாதம் அலாஸ்கா பக்கம் சுற்றப் போகிறாள் என்று தெரிந்ததும், இனி இங்கே சீனியர் நான் ஒருத்திதான் என்று மனதுக்குள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

சார் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"ஹேமா வேலைய விட வேண்டாம். கப்பல்லேர்ந்தே பண்ணட்டும். அதான் இன்டர்நெட் வந்துடுத்தே. மாலதி, மோடம் விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கப்பல்ல எந்த பேக்கேஜ் எடுத்தா நமக்குக் கட்டுப்படியாகும்னு பாத்துச் சொல்லுங்கோ."

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். காது சுட்டது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். என் பெண் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். வீசிங் உள்ள குழந்தை. மத்தியானம் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமி, மகனோடு பெங்களூர் போய்விட்டார். என் கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. காலையில் வந்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வீட்டிலிருந்து செய்கிறேன் என்று சாரிடம் போய்க் கேட்டிருந்தேன். ப்ரூஃபைப் பையில் எடுத்துப்போவேன், ஃப்ளாப்பியில் கொண்டுவருவேன், அவ்வளவுதான் என்றேன்.

"ஆபீஸ்ல உக்காந்து பண்ணாத்தான் அது வேலை, மாலதி. ஆத்துல உக்காந்து பண்ணா அது பொழுதுபோக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து மத்தியானம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள தினம் ஒருவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதே மனிதர்தான் இப்போது அலாஸ்காவுக்குச் சம்மதித்தார். நான் கேட்டது ராஜா அண்ணாமலைபுரம்.

2. மூன்று பேக்கேஜ்

அந்த நாளில் கப்பலில் இன்டர்நெட் என்றால் சாட்டிலைட் போன்தான். கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஃபேக்ஸில் மூன்று வழிகள் அனுப்பினார். முதலாவது, நிமிடக் கணக்கு: லைனைப் போட்டுவைத்திருக்கும் நேரத்துக்குக் காசு. இரண்டாவது, மாதம் இவ்வளவு கிலோபைட் என்று முன்கூட்டியே வாங்கிவிடுவது. மலிவு, ஆனால் மிச்சமானால் திரும்பாது. மூன்றாவது, அனுப்பும் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் தனித்தனியாகக் காசு. பார்த்தால் இதுதான் ரொம்ப அதிகமாகத் தெரியும்.

ஹேமா என் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எது சரிப்படும்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. அவர் பாட்டுக்கு இன்ஜின் ரூமுக்குப் போயிடுவார். வேலையும் இல்லன்னா நான் பைத்தியமாயிடுவேன்."

"அலாஸ்காவுல பைத்தியமானா பரவாயில்ல" என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒத்துவராது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு முடிந்திருக்கும். சாருக்கு மோடத்தில் எந்த விளக்கு எதற்கு எரிகிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் தொழில் விஷயத்தில் தப்பான எஸ்டிமேட் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம். அது என் கர்வம்.

ஹேமா முந்தைய வருடம் செய்த இன்டெக்ஸ் ஃபைல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஜிப் செய்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நிமிடக் கணக்கில் போனால், நடுவில் லைன் அறுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அறுந்த நேரத்துக்கும் காசு. மொத்தமாக வாங்கினால் பாதி வீணாகும். அனுப்பும் கிலோபைட்டுக்கு மட்டும் காசு கொடுக்கும் மூன்றாவது வழிதான் சரி. கூரியரில் வரும் ப்ரூஃபுக்கு என்ன வழி என்று பார்த்தேன். அந்தக் கப்பல் வாராவாரம் ஒரே துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. பதிப்பகத்தாரை அந்தத் துறைமுக ஏஜென்டுக்கே நேரே அனுப்பச் சொல்லலாம்.

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன்.

"பேஷா நடக்கும்னு சொல்லுங்கோ" என்றார்.

"நடக்கும் சார்."

சொல்லிவிட்டு, ஏஜென்டின் ஃபேக்ஸில் மூன்றாவது வழிக்கு நேரே டிக் போட்டேன்.

3. உலகப் படம்

ஹேமா கப்பலேறிய வாரமே சார் ஒரு பெரிய உலகப் படம் வாங்கிவந்து, என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்புக் குண்டூசி. மெயில் வரும் நாளெல்லாம் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்துவார். நான் கல்லீரல் நோய்கள் பற்றிய புத்தகத்துக்கு இன்டெக்ஸ் செய்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் குண்டூசி.

ஹேமாவின் மெயில்கள் சின்னதாகவே இருக்கும். காசு கணக்கு அவளுக்குத் தெரியும். ஃபைல் அனுப்பியிருக்கிறேன், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சந்தேகம், இன்று திமிங்கிலம் பார்த்தோம். இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியைச் சார் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு அவரே பதில் அடிப்பார். பழைய மெயில்களை எல்லாம் கீழே வால் மாதிரி விட்டுவிட்டுத்தான் அனுப்புவார். ஒரு தடவை ஆபீஸ் பூஜை போட்டோவை ஸ்கேன் செய்து இணைத்து அனுப்பிவிட்டார். அந்த மாதம் ஏஜென்டின் பில் வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"என்ன மாலதி, நீங்க பாத்த பேக்கேஜ் இப்படி இழுத்து விட்டுடுத்தே?"

"பேக்கேஜ் இல்ல சார், போட்டோ. கப்பலுக்குப் படம் அனுப்பக் கூடாது. பழைய மெயிலையும் வெட்டிட்டுத்தான் அனுப்பணும்."

அதற்குப் பிறகு கப்பலுக்குப் போகும் மெயில் எல்லாம் என் கையால் போனது. அவளுடைய கடலுக்கு நான் தபால்காரியானேன்.

மே மாதம் தபாலில் ஒரு போட்டோ வந்தது. மேல்தளத்தில் சாய்வு நாற்காலி. அதில் ஹேமா, ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியுமாக. மடியில் ப்ரூஃப் கட்டு. பின்னால் முழுக்க வெள்ளையாக ஒரு பனிமலை. எங்கள் ஆபீசில் அப்போது கரண்ட் இல்லை. கத்திரி வெயில். டி.டி.பி. ஆபரேட்டர் சுகந்தி, சைதாப்பேட்டைப் பெண், அந்தப் போட்டோவாலேயே விசிறிக்கொண்டு சொன்னாள்.

"இன்னாக்கா இது, சினிமா கணக்கா கீது. வேல செய்யசொல்லோ கூலிங் கிளாஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து, கணவர் கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று விழுந்தேன். எனக்கு அந்தப் பனிமலை வேண்டாம். கப்பலில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். ஆனாலும் அந்த நாற்காலி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதில் உட்கார்ந்திருப்பவள் எப்போது எழுந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

4. அரை நாள் லீவு

ஜூலையில் ஒரு நரம்பியல் புத்தகம். இன்டெக்ஸ் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஹேமாவிடமிருந்து ஃபைல் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பதிப்பகத்திலிருந்து கோபமாக ஃபேக்ஸ் வந்தது. புதன்கிழமைதான் ஃபைல் வந்தது. கப்பல் மலைகளுக்கு நடுவே போனதால் சாட்டிலைட் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

சார் துளிகூடக் கோபப்படவில்லை. "அவ என்ன பண்ணுவா, பாவம். சாட்டிலைட்டை மலை மறைச்சுடுத்தாம். நான் அவாளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்."

வியாழக்கிழமை காலை என் பெண்ணுக்கு மூச்சு இழுத்தது. மந்தைவெளி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்து, இழுப்பு அடங்கிய பிறகு, கணவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வர, அவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஆபீசுக்கு வந்தேன். மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் அரை நாள் லீவு போட்டிருந்தார் சார்.

நான் என் மேஜைக்குப் போகவில்லை. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஹேமா ஃபைல் ரெண்டு நாள் லேட்டு. அவளுக்கு எத்தனை நாள் லீவு போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ விஷயம் வேற, மாலதி. அவ கடல்ல இருக்கா."

"நான் பஸ்ல இருந்தேன் சார்."

"கோவத்துல பேசாதீங்கோ. அவளை விட்டா நமக்கு ஆள் இல்ல. அதனாலதான் அந்த ஏற்பாடு."

"அப்ப நானும் போறேன்னு சொன்னா ஏற்பாடு பண்ணுவீங்களா?"

"எங்கே போறேள்?"

"வீட்டுக்கு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொல்லிவிட்ட பிறகு பின்வாங்க மனமில்லை. மாலைக்குள் ராஜினாமா எழுத வேண்டியிருந்தாலும் எழுதிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவுசெய்தேன். ஏனென்றால் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் இப்படி ஓட முடியாது.

"சார், அவளுக்கு நான் பார்த்த கணக்குத்தான் எனக்கும். ஃபைல் அதே சைஸ். எனக்கு சாட்டிலைட் வேணாம், ஏஜென்ட் வேணாம், மாடியில இருக்கற ஹவுஸ் ஓனர் போன் ஒண்ணு போதும், லோக்கல் கால். மலையும் மறைக்காது. அலாஸ்காவுலேர்ந்து வந்தா வேலை, ராஜா அண்ணாமலைபுரத்துலேர்ந்து வந்தா பொழுதுபோக்கா?"

"ஆத்துல சமையல் வாசனை, காலிங் பெல்… கவனம் சிதறும், மாலதி."

"அவ கப்பல்ல தினம் பாட்டுக் கச்சேரி நடக்குது சார். தப்பு வந்திருக்கா அவ இன்டெக்ஸ்ல?"

"வரலை" என்றார் மெதுவாக.

மேஜைக் காலண்டரை ஒவ்வொரு மாதமாகத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துப்போகலாம், ஒரு மாதம் பார்ப்போம், வாரம் ஒரு முறை நேரில் வர வேண்டும் என்றார். அந்த அரை நாள் லீவை மட்டும் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5. வீட்டில்

எனக்கு நானே பேக்கேஜ் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. படமெல்லாம் தெரியும் விலை உயர்ந்த இணைப்பு ஒன்று, வெறும் எழுத்து மட்டும் வரும் மலிவு இணைப்பு ஒன்று. எழுத்து போதும் என்று எடுத்தேன். ஹவுஸ் ஓனரின் போனிலிருந்து எங்கள் போர்ஷனுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். நான் மெயில் அனுப்பும்போது அவர் மேலே ரிசீவரை எடுத்தால் காதில் கீச்சென்று சத்தம். லைன் அறுந்துவிடும். "போனுக்குள்ள பூனை பூந்துட்ட மாதிரி இருக்கும்மா" என்று அவர் படியிறங்கி வருவார். மத்தியானம் அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து அனுப்பக் கற்றுக்கொண்டேன்.

ஹேமாவின் மேல் இருந்த பொறாமை முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. அவள் இன்னும் வேகமாகத்தான் செய்தாள். சார் இன்னும் அவள் மெயிலைத்தான் சத்தமாகப் படித்தார். ஆனால் அது அதன் பிறகு என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

வாரம் ஒரு முறை ப்ரூஃப் வாங்க ஆபீஸ் போவேன். அப்படி ஒரு நாள் சுகந்தி என்னிடம் பேசவில்லை. ப்ரூஃப் கட்டை எடுத்து மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

"என்ன சுகந்தி, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு இன்னாக்கா. உனுக்குத்தான் வூட்ல குந்திகினு சம்பளம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோடை முழுக்க நான் அந்த உலகப் படத்தைப் பார்த்த முகம் அது. எனக்குக் கோபம் வரவில்லை.

"உனக்கும் வீட்லேர்ந்து செய்யணுமா?"

"என் வூட்ல இம்மாம் பெரிய மிஷின எங்க வெக்கிறது? அது வாணாம்."

"பின்ன என்ன வேணும்?"

யோசித்தாள். அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"தண்ணி லாரி ஒம்போது மணிக்குத்தான் வருது. புட்சி வெச்சுட்டு வரசொல்லோ லேட்டாயிடுது. பத்து மணிக்கு வந்துட்டு, சாயங்காலம் ஒரு மணிநேரம் சேத்து இருந்துட்டுப் போறேன். அவ்ளோதான்."

"சார்கிட்ட கேட்டியா?"

"குடுப்பாரா?"

"கேட்டாத்தான் தெரியும். வா, நானும் வரேன்."

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து வயிறு எரிந்தால், எதற்காக எரிகிறது என்று தனியாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அது அவருடைய கப்பலாக இருக்காது. கேட்டால் கிடைக்கக்கூடிய ஏதோ சின்ன விஷயமாக இருக்கும். அதைக் கணக்குப் போட்டு, ஆதாரத்தோடு போய்க் கேளுங்கள்.

சுகந்தி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். சாரின் அறைக் கதவைத் தட்ட நான் கையைத் தூக்கினேன்.

"இரு அக்கா" என்று என் கையை விலக்கிவிட்டு அவளே தட்டினாள்.