அண்ணியின் கண்ணுக்கு ஒரு லென்ஸ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் அதிபர் முதல் காவலாளி வரை அதைச் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. அதனால்தான் ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நடந்த கலந்துரையாடலுக்கு என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். அரசாங்கத்திடம் காசில்லை, ஆஸ்பத்திரிகளைத் திருத்தியாக வேண்டும், அதற்கு வசதியுள்ள நோயாளிகளிடம் கட்டணம் வாங்கலாமா என்பதுதான் விஷயம். அந்த மாதங்களில் டிவியைப் போட்டாலும் பஸ்ஸில் ஏறினாலும் இதே பேச்சுதான். மருந்து இல்லை, தையல் போட நூல் இல்லை, டொக்டர்மார் வெளிநாட்டுக்குப் போகிறார்கள், யார் கட்டுவது, யார் கட்டுவது என்று ஒரே சத்தம்.

நான் எழுந்து வெளுத்து வாங்கினேன். இலவசம் என்பது இல்லாதவனுக்குத்தான், இருக்கிறவன் எதற்கு வரிசையில் நிற்கிறான் என்று கேட்டேன். "கழுத்துல சங்கிலி, காதுல தோடு, கையில வளையல் போட்டுக்கிட்டு கிளினிக்குக்கு வர்றாங்க. இவங்களுக்கு எதுக்குங்க சும்மா மருந்து?" என்றதும் மண்டபம் கைதட்டியது. டவுனில் பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரும் பேச வந்திருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை. "சரி டீச்சர், வசதி ஈக்கிற ஆளு யாருன்டு ஆரு பாக்குற?" என்று அமைதியாகக் கேட்டார். "பார்த்தாலே தெரியாதா?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த வாரமே கலஹாத் தோட்டத்திலிருந்து அண்ணி பஸ்ஸேறி என் வீட்டுக்கு வந்தார். என் ஒரே அண்ணனின் மனைவி. நான் சட்டையைப் பின்பக்கம் ஊக்கு குத்திப் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்கு, மருமகளாக வந்தவர். இன்றைக்கும் என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவரும் அண்ணனும் பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன், டீச்சரானேன். அண்ணி தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் கைக்காசுக்கு, பறித்த கிலோவுக்கு அன்றன்றைக்குக் கிடைக்கிற கூலிக்கு, போய்க் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணனுக்கு இளைப்பு. வீட்டில் உலை கொதிப்பது அண்ணியின் கையில்தான்.

அந்தக் கைக்குத்தான் இப்போது ஆபத்து. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, முற்றலையும் கொழுந்தையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டிருக்கிறார். "இனிமே இப்பிடி கொண்டாந்தா நிறுக்க மாட்டேன்னுட்டாரு கங்காணி," என்றார். எங்கள் டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் ஒப்பரேஷன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டார், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்க வழியில்லாதவர்கள் அங்கேயே நலன்புரிக் காரியாலயத்தில் போய்ச் சொன்னால், யாரோ புண்ணியவான்கள் கொடுத்த லென்ஸ் கிடைக்கும். லென்ஸ் கிடைத்தால் கண், கண் இருந்தால் வேலை. அவ்வளவுதான் கதை.

மறுநாள் காலையில் அண்ணி புறப்பட்டு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெளுத்த நூல் சேலை, அதன் மேல் முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். "என்ன அண்ணி இது, கொழுந்து மலைக்குப் போற மாதிரி? இப்பிடிப் போனா அங்க மனுசியாக்கூட மதிக்க மாட்டாங்க!" என்று கத்தினேன்.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. எங்கள் ஆட்கள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் போவார்கள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் தோடு இரவல், எதிர் லயத்தில் சேலை இரவல். தோட்டத்து ஆள் என்று தெரிந்தால் அதட்டுவார்கள் என்ற பயம். அதெல்லாம் தெரிந்த நான்தான் மண்டபத்தில் சங்கிலியைப் பற்றி வாய் கிழியப் பேசினேன் என்பது அந்தக் காலையில் எனக்கு உறைக்கவேயில்லை. என் பட்டுச் சேலையை அண்ணிக்கு உடுத்திவிட்டேன். என் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் அது அவருக்காகக்கூட இல்லை. அங்கே என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார் யாராவது இருப்பார்கள். அவர்கள் முன்னால் கிழிந்த ஸ்வெட்டரோடு நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நலன்புரிக் காரியாலயத்தில் இருந்த சிங்களப் பெண் நல்ல மனுஷிதான், சிடுசிடுக்கவில்லை. அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை கழுத்தில் நின்றது. "அம்மே, இது ஒன்றுமே இல்லாதவர்களுக்காகக் கொடுத்த லென்ஸ். உங்களுக்குத் தந்தால் நாளைக்கு வருகிற ஏழைக்கு நான் என்ன சொல்வது?" என்றார் சிங்களத்தில். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் மண்டபத்தில் பேசியதைத்தான் அவர் என்னைவிட மரியாதையாகச் சொல்கிறார். சங்கிலி என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

என் அண்ணி என்று சொல்ல வேண்டும். சொன்னால், டீச்சர் நாத்தனார் இருக்கும்போது லென்ஸ் வாங்க முடியாதா என்பார். முடியும். அதுதானே விஷயம்! வீட்டு முன்பக்கத்துக்கு டைல்ஸ் போட வைத்திருந்த பணம் வங்கியில் சும்மாதான் கிடந்தது. "நானே வாங்கித் தருகிறேன், நன்றி" என்று சொல்லி அண்ணியின் கையைப் பிடித்து எழுந்திருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன வாய், ஊரெல்லாம் பேசுகிற வாய், அங்கே ஒட்டிக்கொண்டது.

அண்ணிதான் பேசினார். தோட்டத்துச் சிங்களத்தில், தட்டுத் தடுமாறி. "சேலையும் சங்கிலியும் இந்த நோனாவோடது. நான் நோனா வீட்டுல வேலை செய்றேன்."

அந்தப் பெண் உடனே நம்பிவிட்டார். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அண்ணி பட்டுச் சேலை கட்டியிருந்தும், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தும், யார் நோனா என்கிற எஜமானியம்மா, யார் வேலைக்காரி என்று பார்த்தாலே தெரிந்துவிட்டது. "இந்தக் காலத்தில் வேலைக்காரிக்காக யார் நோனா இவ்வளவு தூரம் வருவார்கள்?" என்று என்னைப் புகழ்ந்தார். நான் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன்! லென்ஸ் கிடைத்தது.

வெளியே வந்ததும் அண்ணி மேலேயே பாய்ந்தேன். "ஏன் அண்ணி அப்பிடிச் சொன்னீங்க? என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"பின்ன என்னா சொல்றது பாப்பா? நீ யோசிச்சிக்கிட்டே இருந்த. பின்னுக்கு ஆளுங்க வேற நிக்கிறாங்க." குரலில் கோபமே இல்லை. படியில் கால் இடறாமலிருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் யோசித்ததை அந்த மங்கின கண் பார்த்திருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும், திரும்பிப் போய் லென்ஸைக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு அண்ணி வாட்டில் படுத்திருந்தார். நான் தோடம்பழம் உரித்து, சுளை சுளையாகக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று தேடி வாங்கிய பழம். எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பு.

பக்கத்துக் கட்டிலில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தி, வெளியே போன மகளை எதிர்பார்த்துத் தனியாகப் படுத்திருந்தாள். அவளும் ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், இவங்க ஒங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

நர்ஸ் யாரும் அங்கே இல்லை. காரியாலயத்துப் பெண்ணும் இல்லை. லென்ஸ் அண்ணியின் கண்ணுக்குள் போய்விட்டது; இனி யாரும் அதைப் பிடுங்க முடியாது. கேட்டது எங்கள் ஆள், எங்கள் தமிழில். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி சுளையை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினார். இந்தத் தடவை பதிலை எனக்கு விட்டுவிட்டார்.

"எங்க வீட்டுல வேலை செய்றாங்க," என்றேன்.

வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியும். அவள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டது எனக்கு நன்றாக இருந்தது.

அண்ணி சுளையை மென்று விழுங்கினார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, "ரொம்ப நல்ல நோனா," என்றார்.