மைனஸ் நாற்பது டிகிரியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

போன சனிக்கிழமை மதியம். தர்மபுரி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில்லாமல் ரோட்டில் நின்றால் தோல் உரியும். அந்த நேரத்தில் என் காருக்குக் குளிர் எடுத்தது!

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரே சொன்னது. மெக்கானிக் ஆரோக்கியசாமி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். எஞ்சின் சூடு எவ்வளவு? மைனஸ் நாற்பது டிகிரி.

"சார்... உங்க வண்டி காஷ்மீர்ல நிக்குதுங்க" என்றார்.

பதினெட்டு வயதான பெட்ரோல் கார் அது. சில மாதங்களாகக் கரும்புகை விடும், பெட்ரோலைக் குடிக்கும், நினைத்த இடத்தில் அணைந்துபோகும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு விடாமல் எரியும். "மஞ்சள்தானுங்களே மாப்ள, எரியட்டும். மங்களம்" என்பது என் மாமியாரின் தீர்ப்பு.

கார் நிற்பது எனக்குத் தொல்லை, அவ்வளவுதான். என் மச்சான் செல்வத்துக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினை. வயது முப்பத்தாறு. பெண் பார்க்கக் கிளம்பிய வண்டி வழியில் நிற்கக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். நின்றால் சகுனத் தடை. அப்படியே திரும்பிவிட வேண்டும்!

சேலத்துப் பெண்ணைப் பார்க்கப் போனோம். தொப்பூர் கணவாயில், லாரிகளுக்கு நடுவே நின்றது. திரும்பினோம். இண்டூர்ப் பெண்ணைப் பார்க்கப் போனோம். பெண் வீட்டுத் தெருமுனையில் நின்றது. பஜ்ஜி வாசனைகூட வந்தது. திரும்பினோம்.

வேறு வண்டியில் போகலாமே? கேட்டேனே! "மாப்ள வண்டி இருக்கறப்ப வாடகை வண்டியில போனா ஊரு என்ன சொல்லும்?" என்றுவிட்டார் மாமியார்.

ஞாயிறன்று கடத்தூரில் அடுத்த பெண். "இதுவும் இல்லைன்னா விட்ருங்க மாமா, இனி யாரையும் பாக்க வேணாம்" என்று செல்வம் சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உடனே அவனையும், கூடவே வருவேன் என்று அடம்பிடித்த மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஆரோக்கியசாமியின் ஷெட்டுக்குப் போனேன்.

"சூட்டைச் சொல்ற சென்சார் தப்பாச் சொல்லுதுங்க. பனியில நிக்கறோம்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்துது" என்றார் அவர். அடுத்து த்ராட்டில் சென்சார். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று சொல்வது.

"மிதிக்காதீங்க சார்."

"மிதிக்கலையே!"

"பாதி மிதிச்சிருக்கீங்கன்னு காட்டுதுங்களே..."

இரண்டு காலையும் தூக்கிக் காட்டினேன். பின் சீட்டிலிருந்து மாமியாரின் குரல் நடுங்கியது: "அப்ப... யாருப்பா மிதிக்கறது?"

செல்வம் மெதுவாக என் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

ஆரோக்கியசாமிக்குப் பேய் பயம் கிடையாது. அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். சூட்டு சென்சாரின் பிளக்கையும் கழற்றினார். உள்ளே உற்றுப் பார்த்தார். முகர்ந்தார்.

"சார்... சந்தனம்."

காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம்.

செல்வம் தலையைக் குனிந்தான். ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவியது அவன்தான். கல்யாணத் தடை நீங்க, வண்டியில் ஒரு பாகம் விடாமல் பொட்டு வைக்கச் சொன்னாராம் ஜோசியர். இவனும் கைக்குக் கழன்று வந்த பிளக்கையெல்லாம் பிடுங்கி, தீக்குச்சியால் உள்ளே பொட்டு வைத்து, பக்தியோடு திரும்ப மாட்டியிருக்கிறான். ஆக, தடை நீங்க வைத்த பொட்டுதான் தடையே!

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்கிறீர்களா? அதுதான் இல்லை. ஆரோக்கியசாமி துடைக்கத் துணியை எடுத்ததும் மாமியார் இறங்கிவந்து குறுக்கே நின்றார்.

"பொட்ட அழிக்கறதா? பொட்ட அழிச்சுட்டு யாராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்புவாங்களா?"

நான் கெஞ்சினேன். செல்வம் கெஞ்சினான். ம்ஹூம். பொட்டை அழித்தால் அபசகுனம். அழிக்காவிட்டால் வண்டி நின்று சகுனத் தடை. என்ன செய்வது, சொல்லுங்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆரோக்கியசாமிதான் பொறுமையாகக் கேட்டார்: "ஏங்கம்மா, பொட்ட நெத்தியில வைப்பீங்களா, கண்ணுக்குள்ள வைப்பீங்களா? இது வண்டிக்குக் கண்ணுங்கம்மா."

மாமியார் யோசித்தார்.

"அப்ப நெத்தி எது?"

ஆரோக்கியசாமி எஞ்சின் மூடியைக் காட்டினார். பக்கத்துக் கடையில் சந்தனமும் குங்குமமும் வாங்கிவந்து, அங்கே பொட்டு வைத்த பிறகுதான் கண்ணைத் துடைக்க அனுமதி கிடைத்தது. துடைத்து மாட்டினார், மீட்டர் வைத்துப் பார்த்தார். மிதித்தால் வோல்ட் சீராக ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. எஞ்சின் சூடும் எண்பதைத் தாண்டியது.

ஞாயிறு. கடத்தூர் வரை கார் எங்கேயும் நிற்கவில்லை. பெண் வீட்டு வாசலில் நானாகச் சாவியைத் திருப்பித்தான் நிறுத்தினேன். எத்தனை மாதக் கனவு அது!

பஜ்ஜி வந்தது. பெண்ணும் செல்வமும் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். "எனக்குச் சம்மதங்க" என்றாள் பெண், எல்லார் முன்னாலும். செல்வத்தின் கண் கலங்கியது. சந்தோஷத்தில் எனக்கும்தான்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பையன்கிட்ட என்னம்மா புடிச்சுது?"

"பூனை குறுக்க வந்துச்சு, டயர் பஞ்சராச்சுன்னு எல்லாரும் பாதி வழியிலயே திரும்பிட்டாங்க அத்தை. வூடு வந்து சேந்த மொத மாப்பிள்ளை இவருதாங்க."

அழகு, சம்பளம், ஜாதகம் எல்லாம் அப்புறம்... மாப்பிள்ளை முதலில் வந்து சேர வேண்டும்!