தாளம் விடாத பாடகி

அமெரிக்காவில், எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டு ஹாலில் ஜமக்காளம் விரிக்கத் தோதான இடம் கிழக்கு மூலை மட்டும்தான். அங்கே என் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. எண்பதுகளின் நடுவில் மனைவி சனிக்கிழமைகளில் கர்நாடக சங்கீத வகுப்பு தொடங்கியபோது அந்த மூலையைக் கேட்டாள்.

“பிளேயரை பேஸ்மென்ட்டுக்குக் கொண்டு போயிடுங்க. தாளத்துல நிக்காத பொம்பளைக்கு ஹால் எதுக்கு?”

அவள் சொன்ன பொம்பளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்களின் முன் நின்று பாடியவர். அவருடைய ரெக்கார்டுகள் பதினொன்றை வருட வரிசையில் வைத்திருந்தேன். வரியைத் தாமதமாகத்தான் தொடங்குவார். ஆனால் முடிவில் வாத்தியங்களோடு பிசகாமல் வந்து சேர்வார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

“நேர்ல வந்து கேளு. ஒரு இடத்துல தாளம் விட்டாலும் நானே தூக்கிட்டுப் போய்க் கீழ வெச்சிடறேன்” என்றேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் அந்தப் பாடகி பக்கத்து ஊர் அரங்கில் பாடினார். எங்களுக்கு எட்டாவது வரிசை. மனைவி முதல் பாட்டிலேயே தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கினாள். அடுத்த இருக்கை அமெரிக்க அம்மாள் பாதி நேரம் மேடையைப் பார்க்கவில்லை, இவள் விரல்களையே பார்த்தார்.

நான்கு பாட்டுகளில் ஒரு பிழையும் அகப்படவில்லை. ஐந்தாவது மெதுவான பாட்டு. நடுவில் சாக்ஸபோன்காரர் தனியாக வாசித்து முடித்ததும் சபை கைதட்டியது. பாட்டே முடிந்ததென்று மனைவியும் தட்டினாள். அதற்குள் பாடகி அடுத்த வரியை எடுத்துவிட்டார். மனைவியின் கை அந்தரத்தில் நின்றது.

“முடியலையா?”

“இல்ல. அந்தக் கைதட்டல் சாக்ஸபோனுக்கு.”

தாளத்தில் மறுபடி எங்கே சேர்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினோம். மூன்றாவது சிக்னலில் சொன்னாள்: “நான்தான் விட்டேன். அவங்க விடல.”

பொம்பளை ‘அவங்க’ ஆனதைக் கவனித்தேன்.

“அப்ப பிளேயர்?”

“அந்த அஞ்சாவது பாட்டு நம்மகிட்ட இருக்கா?”

ஏழாவது ரெக்கார்டு, இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. வீட்டுக்கு வந்ததும் போட்டேன். முதல் தடவை சாக்ஸபோனில் மறுபடி தடுமாறினாள். இரண்டாம் தடவை கடைசிவரை சரியாகப் போட்டாள். மூன்றாம் தடவை கை அசையவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் ஜமக்காளம் விரிக்க இடம் விட்டு பேஸ்மென்ட்டுக்குப் போனது பிளேயர் அல்ல, எங்கள் சாப்பாட்டு மேஜை. ஒரு முனையை நான் தூக்கினேன், மறுமுனையை அவள்.